அடுப்புக்கு வளர்த்த புல்

புல் நடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். என் மூத்த மகளும் உங்களில் ஒருத்தி. போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "அப்பா, எங்க புல்லுக் காணியில திருடுறாங்க, என்ன செய்றது?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம். சிரித்ததற்குக் காரணம் சொல்லப்போய், சோறு ஆறிப்போகும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தேன். "இதை அப்படியே எழுதித் தாங்கப்பா, என்கூட வேலை செய்றவங்களுக்கும் காட்டுறேன்" என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். எத்தனை அடிக்கு ஒரு கன்று, எவ்வளவு உரம் என்பதெல்லாம் உங்களுக்குத் தாளில் கொடுத்திருப்பார்கள். அதை நான் சொல்லத் தேவையில்லை. தாளில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. எங்கள் தோட்டம் ஊவா மலைநாட்டில் ஹல்துமுல்லைக்கு மேலே, காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கும் சரிவில் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உலர்த்த அடுப்பு எரிய வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும். மலையில் இருந்த மரங்களையெல்லாம் எரித்து முடித்துவிட்டிருந்தார்கள். விறகு லொறி வராத நாளில் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் வாசலில் நின்று வழி பார்த்துக்கொண்டிருப்பார்.

பழைய தேயிலையைப் பிடுங்கிய மலைகளில், புதுத் தேயிலை நடுவதற்கு முன் இரண்டு வருடம் குவாட்டமாலா புல் நடுவது வழக்கம். மண் தேற வேண்டும் என்பதற்காக. கரும்பு மாதிரித் தண்டு, சோள இலை மாதிரித் தோகை, ஆள் உயரத்துக்கு மேல் வளரும். வெட்டி அந்த மண்ணிலேயே பரப்பிவிடுவோம். தோட்டத்தை நடத்தும் எங்கள் துரைக்கு ஒரு யோசனை வந்தது. இதை ஏன் அடுப்பில் போடக்கூடாது? மரம் வளர ஏழெட்டு வருடம். புல்லை ஒரு முறை நட்டால் வருடா வருடம் வெட்டலாம், வேர் இருக்கும் வரை அதுவே துளிர்த்து வரும். ஆறு ஏக்கரை இதற்கென்றே ஒதுக்கினார்.

நான் அப்போது கவ்வாத்துக் கத்தி பிடித்த தொழிலாளி. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற வேலை அது. புல்லைப் பற்றித் துரை, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் சொன்னபோது, "வெட்டினதும் ஈரமா இருக்குமே, எப்படிங்க எரியும்?" என்று கேட்டேன். கேட்டவன் தலையிலேயே வேலை விழுந்தது. புல் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஆக்கினார். லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றை அறையிலிருந்து இரண்டு அறையும் தனி அடுப்படியும் உள்ள வீட்டுக்குப் போனோம். இப்போது உங்களோடு வேலை செய்கிற மகள் அப்போது கைக்குழந்தை. என் மனைவி அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் துரை ஒன்றைச் சொல்லித்தான் அனுப்பினார். புல் நிலைத்தால் இந்த வேலையும் நிலைக்கும். புல்லைப் பிடுங்கினால் திரும்பவும் கவ்வாத்து, திரும்பவும் லயம்.

முதல் தவறு என்னுடையது. அதை மறைக்க மாட்டேன்.

நட்டு மூன்று வாரம். கன்று வேர் பிடித்து இரண்டு இலை விட்டிருந்தது. இடையில் களை முளைத்திருந்தது. களை எடுக்கும் பெண்கள் பன்னிரண்டு பேரை அனுப்பி, "அந்த ஆறு ஏக்கரையும் சுத்தமாக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைப் பக்கம் போய்விட்டேன். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நிற்பவர் மாரியாயி அக்கா. எங்கள் லயத்தில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். வீட்டில் என்னைத் தம்பி என்பார், வேலையில் ஐயா என்பார். வாய் கொஞ்சம் காரம்.

பகல் சாப்பாட்டுக்கு முன் திரும்பி வந்தேன். மேல் பக்கத்து ஒரு ஏக்கர் வெறும் மண்ணாக, பெருக்கிவிட்ட வாசல் மாதிரி இருந்தது. மாரியாயி அக்கா களைச் சுரண்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"ஐயா, வந்து பாருங்க. ஒரு புல்லு விட்டு வைக்கல."

"அக்கா, அதுதானே நட்டது."

"எது?"

"புல்லுதான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூடவந்தவர்களைப் பார்த்தார். "புல்லையா நட்டீங்க?" என்றார். "எங்கம்மா காலத்திலேருந்து புல்லப் புடுங்கத்தான் சம்பளம். நடுறதுக்கும் சம்பளம் குடுக்குறாங்களா இப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் தப்பு யாருடையது? தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்குப் புல் என்றால் களை. அக்கா நேர்மையாக வேலை செய்திருக்கிறார். எதற்காக நட்டிருக்கிறோம் என்று சுரண்டி பிடித்திருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லாதவன் நான். அன்று மாலைக்குள் அந்தப் பன்னிரண்டு பேருமே பிடுங்கியதைப் பொறுக்கி ஈரச் சாக்கில் சுற்றித் திரும்ப நட்டுத் தந்தார்கள். முக்கால்வாசி பிழைத்தது. பிள்ளைகளே, வேலை சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

அடுத்த வருடம் ஜூலையில், எல்லாவற்றையும் காயவைக்கும் கச்சான் காற்று இறங்கியது. ஊவாவுக்கு அதுதான் நல்ல காலம். அந்தக் காற்று பட்ட கொழுந்தில் ஒரு வாசம் வரும், கொழும்பில் நல்ல விலை போகும். அந்த நேரத்தில் உலர்த்தும் சூடு குறைந்தால் வாசமும் போய்விடும். துரை அந்த நேரம் பார்த்துத்தான் புல்லை எரிக்கச் சொன்னார். பாதி விறகு, பாதி புல்.

வெட்டினோம், காயவைத்தோம், டிராக்டரில் ஏற்றி அனுப்பினோம். முதல் வாரமே தொல்லை. போட்டதும் குப்பென்று எரிந்து அப்படியே அடங்கிவிடும். புகை. சூடு காட்டும் முள் மேலே போகும், கீழே வரும். அதைவிடப் பெரிய தொல்லை, சாம்பல் உருகி அடுப்புக் கம்பிகளில் கண்ணாடி மாதிரிக் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டது.

எங்கள் அடுப்புக்காரர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். பெயரை எழுதவில்லை. உயிரோடு இருந்த காலத்திலேயே தன் பெயரை யாரும் மேடையில் சொன்னால் எழுந்து போய்விடுவார். நெருப்புப் பக்கமே நின்று நின்று புருவ முடி பாதிதான் இருக்கும். என்னைப் புல்லு ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

"புல்லு ஐயா, இன்னிக்கு உங்க புல்லுலேருந்து ரெண்டு வாளி கல்லு எடுத்திருக்கேன். வீடு கட்டுறதுன்னா சொல்லுங்க, சேத்து வைக்கிறேன்."

"காய்ஞ்சது போதாதாக்கும்."

"காய்ஞ்சதுதான். நீங்க கையில புடிச்சுப் பாருங்க, நொறுங்குது. இது வேற என்னமோ."

அந்த வெள்ளிக்கிழமை துரை என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கணக்கப்பிள்ளை, தேயிலை கெட்டா எனக்கும் வேலை இல்ல. இன்னும் ஒரு கிழமை பார்ப்போம். சரிவரலைன்னா மழைக்குப் புல்லைப் பிடுங்கிட்டு யூகலிப்டஸ் வைப்போம்."

"சரிங்க சேர்."

வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்க பண்டாரவளைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தவள், பிறகு போகலாம் என்றாள்.

அடுத்த புதன்கிழமை அடுப்புக்காரர் என்னை நிறுத்தினார்.

"நேத்து மத்தியானம் ரெண்டாவதா வந்த டிராக்டர், எந்தப் பக்கத்துப் புல்லு?"

"ஏன், அதுலயும் கல்லா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அது மட்டும் விறகாட்டம் நின்னு எரிஞ்சுது. கல்லும் கட்டல. அதையே அனுப்புங்க."

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பார்த்தேன். அது கீழ்ப்பக்கத்துப் புல், ஓடைக்கும் லயத்துக்கும் அருகில் இருப்பது. ஒரே நாற்று, ஒரே நாள் நட்டது, ஒரே உரம். மண் வித்தியாசமாக இருக்குமோ என்று யோசித்தேன். மறுநாள் பகல் மணி அடித்து எல்லோரும் சாப்பிடப் போனதும், சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் கீழே இறங்கிப் போனேன்.

புல்லுக்குள் சரசரவென்று சத்தம். காற்று என்றால் எல்லாப் பக்கமும் கேட்க வேண்டும். இது ஒரே இடத்தில் கேட்டது. விலக்கிப் பார்த்தால், மாரியாயி அக்கா. ஒரு கையில் அரிவாள். காலடியில் தோகைக்கட்டு, பச்சைப்பசேலென்று. இன்னும் இரண்டு பேர் என்னைக் கண்டதும் கட்டைப் போட்டுவிட்டு ஓடையைத் தாண்டி ஓடினார்கள். அக்கா ஓடவில்லை.

"என்னக்கா இது?"

"புல்லு, ஐயா."

"புல்லுன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை நாளா?"

"காத்து எறங்கினதிலேருந்து. வெளியில போய்ப் பாருங்க, எங்கயாவது ஒரு பச்ச இருக்கா? மாடு வெறும் தண்ணியைக் குடிச்சுட்டு நிக்குது. பால் வத்திப்போச்சு. இங்க மட்டும் இது ஆடிக்கிட்டு நிக்குது. பாத்துக்கிட்டே போக முடியுமா?"

உண்மைதான். அந்த வறட்சியிலும் அந்தப் புல் மட்டும் பச்சையாக நின்றது. வேர் அவ்வளவு ஆழம். ஆனால் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வளர்கிற நேரத்தில் வெட்டிக்கொண்டே இருந்தால் வேரில் சேர்ந்த பலம் குறைந்து தூரே செத்துப்போகும். துரை கொடுத்தது ஒரு வாரம்தான் தவணை. நானே பதறிக்கொண்டிருக்கும்போது இவர்கள் வேரை அறுக்கிறார்கள்.

"தூரு செத்தா யார் பதில் சொல்றது? என் வேலை போயிடும், தெரியுமா?"

"அடியில கை வச்சமா? குனிஞ்சு பாருங்க. தலைத் தோகையும் சுத்துத் தோகையும்தான் எடுத்தோம். அடியில வெட்டினா அடுத்த வாரம் மாடு எதைத் திங்கும்? மாடு வளக்கிறவளுக்கு அது தெரியாதா?"

நான் கேட்கவில்லை. அரிவாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "நான் தொரைகிட்ட சொல்லத்தான் வேணும் அக்கா" என்றேன். சொன்னால் ஒரு வாரத்துக்குப் பேர் வெட்டுவார்கள், அதாவது அத்தனை நாளும் வேலையும் இல்லை கூலியும் இல்லை. அவருக்கு அது தெரியும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க இஷ்டம் ஐயா" என்றார். தம்பி என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அரிவாளோடு மேலே ஏறினேன். வழியில் கீழ்ப்பக்கத்துக் குவியல், நாலு நாள் முன் வெட்டிப் போட்டது. பிறகு மேல்பக்கத்துக் குவியல், அதே நாள் வெட்டியது. கீழ்க் குவியல் வெறும் தண்டு, பெருவிரல் கனம், கம்பு கம்பாக. மேல் குவியலில் பாதிக்கு மேல் தோகை. அங்கேயே நின்றுவிட்டேன். மூன்று வாரமாக இரண்டு குவியலுக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன். காய்ந்ததா இல்லையா என்று மட்டும்தான் கை வைத்துப் பார்த்தேன். எதில் என்ன இருக்கிறது என்று கண் வைத்துப் பார்க்கவில்லை.

தோகையை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தேன். மணல் மாதிரிச் சுரசுரப்பு; அடுப்புக் கம்பியில் உருகிக் கட்டியது இதுதானோ என்று தோன்றியது. தண்டு வழவழவென்று இருந்தது.

அப்போது பார்த்து ஜீப் வந்தது. துரை இறங்கினார். என் கையில் அரிவாள்.

"கீழே புல்லு வெட்டுறாங்கன்னு எனக்கு ஒருத்தர் சொன்னாங்க. உண்மையா?"

"உண்மைதான் சேர்."

"அது யார் கத்தி?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பேர் என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் என் பக்கம் சுத்தம். புல் எரியாததற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும், திருடியதால்தான் கெட்டது என்று. துரையும் நம்பியிருப்பார். 'நான்தான் வெட்டச் சொன்னேன்' என்று பொய் சொல்லவும் ஒரு மனம் வந்தது. அதைச் சொன்னால் நாளைக்கு நான் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

"சேர், கேட்காம வெட்டியிருக்காங்க. அது தப்புத்தான். பேரு நான் சொல்றேன், மறைக்கல. அதுக்கு முன்னால நாளைக்கு ரெண்டு டிராக்டர் புல்லு எரிச்சுப் பாக்கணும். நீங்களும் நிக்கணும்."

"எரிச்சுப் பார்த்தா திருட்டு இல்லாமப் போயிடுமா?"

"திருட்டு இல்லாமப் போகாது சேர். ஆனா நம்ம புல்லு இல்லாமப் போறது நிக்கலாம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "நாளைக்கு எட்டு மணிக்கு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

காலையில் முதலில் மேல்பக்கத்துப் புல். அடுப்புக்காரர் அடுப்புக் கதவைத் திறந்தார். போட்டார். குப்பென்று எரிந்தது. முள் ஏறியது, இறங்கியது. மறுபடி போட்டார். மறுபடி அதே ஆட்டம். ஒரு மணி நேரம் கழித்து கம்பியில் ஒட்டியிருந்த கட்டியை நெம்பி எடுத்துத் துரையின் காலடியில் வைத்தார். அடுப்பைச் சுத்தம் பண்ணினார். பிறகு கீழ்ப்பக்கத்துத் தண்டு. மெதுவாகப் பிடித்தது. பிடித்தபின் விடவில்லை. முள் ஏறிய இடத்தில் நின்றது. டீமேக்கர் வந்து பார்த்துவிட்டுப் போனார். திரும்பவும் வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் அந்த முள்ளைப் பார்த்த மாதிரி அதற்குப் பிறகு என் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைக்கூடப் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் கழித்து நெம்பினால், சாம்பல். கல் இல்லை.

"ரெண்டும் ஒரே புல்லா?" என்றார் துரை.

"ஒரே புல்லுதான் சேர். இதுல தோகை இல்ல."

"தோகை எங்க?"

"மாடு தின்னுட்டுது."

துரை சிரிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "கத்தி யாருடையது?" என்று கேட்டார். மறக்கவில்லை அவர். நான் பேரைச் சொன்னேன். "அவங்களுக்குத் திருப்பிக் குடுங்க" என்றார்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் துரையே அறிவித்தார். வெட்டுவதற்கு முன் வருகிற வாரங்களில், பகல் நேரத்தில், மாடு வைத்திருப்பவர்கள் தோகையை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு இரண்டு கட்டு. தண்டில் கத்தி படக்கூடாது. புல்லைப் பிடுங்கப்போவதில்லை, அது நிற்கும்.

மாரியாயி அக்கா கை தூக்கினார். "தொரை, தோகை உரிக்கிறதும் வேலைதானே. அரைப் பேரு போட்டு அரை நாள் கூலி தருவீங்களா?"

"புல்லுதான் கூலி."

அக்கா என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார். "திருடினப்ப நாலு கட்டு எடுத்தோம். உத்தரவு வாங்கினதும் ரெண்டு கட்டு. நல்ல ஆளு தம்பி நீ."

தம்பி என்றுதான் சொன்னார்.

இப்போது என் மகளுக்கும் உங்களுக்கும் பதில். திருட்டு என்று கேள்விப்பட்டதும் பேர் எழுத ஓடாதீர்கள். பொய் சொல்லி மூடவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு அரை நாள் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். எதை எடுத்தார்கள் என்று பார்த்ததோடு நிற்காமல், எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்றும் பாருங்கள். உங்கள் புல் போய்ச் சேருகிற இடத்தில் நெருப்புக்கு முன் நிற்பவர் ஒருவர் இருப்பார். அவர் கேலியாகச் சொன்னாலும் காது கொடுங்கள்.

நான் முழுக்கக் காது கொடுக்கவில்லை என்பது துரை அறிவித்த அன்று மத்தியானம்தான் தெரிந்தது. பெண்களுக்கு வரிசை பிரித்துக் கொடுக்க ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டு போயிருந்தேன். மூன்று பேரைத்தானே கண்டேன், மற்றவர்களுக்கு இடம் காட்ட வேண்டும் என்று. யாரும் என் தாளுக்குக் காத்திருக்கவில்லை. பதினோரு பேர் வந்தார்கள், பதினோரு பேரும் ஏற்கெனவே பழகிய இடம் மாதிரி நேரே அவரவர் வரிசையில் போய் நின்று அரிவாளை எடுத்தார்கள். கடைசி வரிசையில் நின்றவர் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அடுப்புக்காரரின் மனைவி.

நேரே தொழிற்சாலைக்குப் போனேன்.

"உங்க வீட்டம்மாவைப் பாத்தேன்."

"நல்லாயிருக்காளா?"

"அப்ப உங்களுக்கு முன்னமே தெரியும்."

"எங்க மாடு திங்கிறது எந்த மலைப் புல்லுன்னு நான் வீட்டில கேட்டதில்ல. எந்த டிராக்டர் நல்லா எரியுதுன்னு உங்ககிட்ட சொன்னேன். அது பொய்யா?"

"பொய் இல்ல."

"அதையும் சொல்லாம விட்டிருந்தா நீங்க கவ்வாத்துக்குப் போயிருப்பீங்க, எங்க மாடு பட்டினி கெடந்திருக்கும்." ஒரு கட்டுத் தண்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "வழி விடுங்க புல்லு ஐயா. முள்ளு எறங்குது."